வலப்பக்கம் திரும்பினால் சுற்றும் வீடு

விடிந்துகொண்டிருந்தது. படுக்கையில் வலப்பக்கமாகத் திரும்பினேன். அறையும் என்னோடு திரும்பியது. நான் நின்றுவிட்டேன், அறை நிற்கவில்லை. மின்விசிறி, ஜன்னல், அலமாரியின் மேல் கிடந்த சூட்கேஸ் எல்லாம் ஒரே திசையில் ஒழுகிக்கொண்டே போயின. மெத்தையின் ஓரத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கண்களை இறுக மூடினேன். மூடிய கண்களுக்குள்ளும் சுற்றியது.

ஒரு நிமிடம்கூட இருந்திருக்காது. தானாகவே அடங்கிவிட்டது. அலை ஒதுங்கியபின் மணலில் கிடப்பதுபோல் கிடந்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. என் கணவர் சேகர் அதிகாலை ஷிப்டுக்குப் போயிருந்தார். பயம் பிறகுதான் வந்தது. அதற்கு முன் வந்தது அலுப்பு. இதுவுமா, என்று நினைத்துக்கொண்டேன்.

நீண்டகால வலியோடு வாழ்கிறவர்களுக்கு இந்த ‘இதுவுமா’ தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா (உடல் முழுவதும் தசைகளில் நீடித்து நிற்கும் வலி, ரத்தப் பரிசோதனையிலோ படங்களிலோ அகப்படாது) என்று சொல்லி அப்போது ஏழு வருடம் ஆகியிருந்தது. அந்தப் பெயர் கிடைப்பதற்கு முன் இரண்டு வருடம் கிளினிக் கிளினிக்காக அலைந்தேன். தோள், இடுப்பு, முழங்காலின் உட்புறம் என்று வலி இடம் மாறிக்கொண்டே இருந்தது. எல்லா முடிவுகளும் நன்றாக வந்தன. நன்றாக இருக்கிறது என்று சொல்லும்போதெல்லாம் டாக்டர்கள் புன்னகைத்தார்கள். நானும் பதிலுக்குப் புன்னகைத்துவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிடுவேன்.

கடைசியில் ஒரு வாதநோய் மருத்துவர் (மூட்டு, தசை வலிகளைப் பார்ப்பவர்) என் உடம்பைப் பல இடங்களில் அழுத்திப் பார்த்து, நிறையக் கேள்விகள் கேட்டு, அந்தப் பெயரைச் சொன்னார். வலி மட்டுமல்ல, வேறு பலவும் கூட வரும் என்றார். தூங்கி எழுந்தாலும் தூங்காத மாதிரி இருக்கும். பேசும்போது வார்த்தை மறந்துபோகும். வயிறு கோளாறு செய்யும். வெளிச்சம் குத்தும். அவர் சொல்லச் சொல்ல நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். எல்லாமே இருந்தன. அன்று எனக்குக் கிடைத்த நிம்மதியை இன்னமும் மறக்கவில்லை.

ஆனால் அந்தப் பெயர் மெல்ல மெல்ல எல்லாவற்றையும் விழுங்க ஆரம்பித்தது. கை மரத்துப்போனால் அதுதான். காய்ச்சல் மாதிரி இருந்தால் அதுதான். ஒருமுறை பல் வலித்தபோதுகூட அதுதான் என்று விட்டுவிட்டேன். பல்லுக்குள் சீழ் கட்டியிருந்தது.

அதனால் தலைசுற்றலையும் அதோடு சேர்த்தேன். எங்களைப் போன்றவர்கள் பேசிக்கொள்ளும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் கேட்டேன். எனக்கும் இருக்கிறது, எனக்கும்தான் என்று அம்பாங், செராஸ் என்று நகரின் பல பகுதிகளிலிருந்தும் பதில்கள் வந்து விழுந்தன. ஆறுதலாக இருந்தது. யாருக்குமே ஏன் என்று தெரியாது என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

அந்த வாரங்கள் எனக்கு ஒரு கனவைப்போலத்தான் நினைவிருக்கின்றன. பெரிய சுற்றல் காலையில் வந்துவிட்டுப் போய்விடும். அதன் பிறகு நாள் முழுவதும் எல்லாம் இலேசாக மிதக்கும். கிள்ளானில் ரயில் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போகிறவள் நான். ஃபிரேம் எடுத்துக் கொடுப்பது, முகத்துக்குப் பொருத்துவது, இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளப்பது என் வேலை. ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது பெட்டி மட்டும் ஓடுவதாகவும் நான் கொஞ்சம் பின்தங்கி வருவதாகவும் தோன்றும். ஷா ஆலமைத் தாண்டும்போது பார்த்த ஒரு மரம் சுபாங்கிலும் கண்ணுக்குள் நின்றுகொண்டிருக்கும்.

நிலையத்திலிருந்து கடைக்கு நடக்கிற வழியில் பார்வையற்றவர்களுக்காக மஞ்சள் நிறத்தில் வரிவரியாக மேடு வைத்த கற்கள் பதித்திருப்பார்கள். பூக்கடைகளைத் தாண்டும்போது தரை எனக்குத் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் அசையும். ஒருநாள் தற்செயலாக அந்தக் கற்களின் மேல் கால் வைத்தேன். செருப்புக்கு அடியில் மேடுகள் தட்டுப்பட்டன. பாதம் எங்கே இருக்கிறது என்று பாதமே சொன்னது. அன்றிலிருந்து அதன் மேல்தான் நடந்தேன். மல்லிகை வாசமும் ஊதுபத்திப் புகையும் இரு பக்கமும் நகர்ந்துகொண்டிருக்க, தலை குனிந்தபடி மஞ்சள் கோட்டின் மேல் போய்க்கொண்டிருப்பேன்.

எதிரே ஒருவர் வெள்ளைக் கோலோடு வந்தார். கோலின் நுனி என் செருப்பில் தட்டியது. “சாரி லா. நீங்க நேரா போங்க, நான் ஒதுங்கிக்கிறேன்,” என்றார். என்னையும் பார்வையற்றவள் என்று நினைத்துவிட்டார். நான் சட்டென்று இறங்கி வழி விட்டேன். எனக்குக் கண் தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் போன பிறகும் ஒரு கடைவாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்று அன்றுதான் நிஜமாகவே பயந்தேன்.

வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் காட்டினேன். நான் சாப்பிடும் நரம்பு வலி மாத்திரைக்குத் தலைசுற்றல் ஒரு பக்கவிளைவு, அதனால் இருக்கலாம் என்று டாக்டர் அளவைக் குறைத்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மாத்திரை குறைந்ததும் பழைய வலி கிளம்பி வந்தது. தோளில் ஆரம்பித்து விரல் நுனிவரை போனது. தலைசுற்றல் போகவில்லை. இரண்டும் சேர்ந்துகொண்டன.

தலைக்குள் ஏதாவது வளர்கிறதோ என்று ஒரு எண்ணம் வந்தது. வந்தது போகவே இல்லை. சமையலறையில் வெங்காயம் நறுக்கும்போதும், ஜொகூரில் படிக்கும் மகளோடு போனில் பேசிச் சிரிக்கும்போதும் அது கூடவே நின்றது. அவளிடம் சொல்லவில்லை. சேகரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், அவர் முகம் எனக்குத் தெரியும். ஆரம்ப வருடங்களில் நான் வலிக்கிறது என்றால் எழுந்து வந்து உட்காருவார். எங்கே என்று கேட்பார். நான் காட்டும் இடம் ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கும். போகப்போகக் கேட்பதை நிறுத்திவிட்டார். குறை சொல்ல முடியாது. தைலம் எடுத்து வைப்பார், துணிகளைக் காயப்போடுவார், கடையிலிருந்து சாப்பாடு தாப்பாவ் செய்து (பொட்டலம் கட்டி) வருவார். ஆனால் நான் வலி என்ற சொல்லை எடுத்தவுடன் அவர் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக மூடிக்கொள்ளும். இன்னொன்றையும் அந்த முகத்தின் முன் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் மறைக்க முடியவில்லை. ஒரு மதியம் கடையில் வாடிக்கையாளர் ஒருவர் மேல் தட்டில் இருந்த ஃபிரேமைக் காட்டினார். நான் அண்ணாந்து கையை உயர்த்தினேன். தட்டுகள், கண்ணாடிகள், விளக்குகள் எல்லாம் சரிந்து பின்னோக்கிப் பாய்ந்தன. பிடித்த தட்டும் கையோடு வந்தது. கண் திறந்தபோது தரையில் உட்கார்ந்திருந்தேன். என்னைச் சுற்றி ஃபிரேம்கள் சிதறிக் கிடந்தன. கடைக்கார ராதா அக்கா என் தலையைத் தன் தோளோடு சாய்த்துப் பிடித்திருந்தார். வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல சேகருக்கு போன் போட்டுவிட்டார்.

சேகர் துறைமுகத்தில் கப்பலிலிருந்து கண்டெய்னர் இறக்கும் கிரேன் ஓட்டுகிறவர். வேலைச் சட்டையோடு, நெஞ்சில் பளபளக்கும் பட்டையோடு, கண்ணாடிக் கடைக்குள் வந்து நின்றார். ராதா அக்காவுக்கு நன்றி சொல்லிவிட்டு என் கைப்பையை எடுத்துக்கொண்டார்.

கார் பெட்டாலிங் ஜெயாவைத் தாண்டியது. சாலை நெரிசலில் நின்றது. முன்னால் இருந்த லோரியின் சிவப்பு விளக்குகளைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். காலைகளை, ரயிலை, மஞ்சள் கற்களை. அவர் முகம் மூடிக்கொள்ளும் என்று எதிர்பார்த்தேன். மாறாக, திரும்பி என்னைப் பார்த்தார்.

“எப்படி ஆடுது?” என்றார். “படகு மாதிரி இப்படி அப்படியா, இல்ல ராட்டினம் மாதிரி சுத்துதா?”

யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. யோசித்துச் சொன்னேன். காலையில் ராட்டினம். மற்ற நேரம் படகு. எவ்வளவு நேரம், எதைச் செய்தால் வருகிறது, தானாக நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. அது அவர் தலையசைப்பிலேயே தெரிந்தது.

பிறகு எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். கல்யாணமான புதிதில்தான் அவர் கிரேனில் ஏறினார். அந்த உயரத்தில் கூண்டு காற்றுக்கு ஆடிக்கொண்டே இருக்குமாம். அடியில் கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே கப்பல், அதற்கும் கீழே கடல். வேலை முடிந்து இறங்கினால் தரை ஆடுமாம். என் எதிரில் உட்கார்ந்து சோறு சாப்பிடும்போது தட்டு ஆடுமாம். வேலை போய்விடும் என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. புது மனைவியிடம் சொல்லக் கூச்சம். மாதக்கணக்கில் அப்படி இருந்து, பழகிப்போனதாம்.

“அப்ப நான் உங்க எதிர்லதானே இருந்தேன்,” என்றேன்.

“இருந்த. நீயும் ஆடிக்கிட்டுத்தான் இருந்த,” என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்தது. அந்த நெரிசலில், அந்தப் பயத்தோடு சிரித்தோம்.

வாகனங்கள் நகர ஆரம்பித்த பிறகு அவர் ஏதோ யோசித்தபடியே கேட்டார். “படுக்கும்போது இடது பக்கம் திரும்பினா வருதா?”

நான் நினைத்துப் பார்த்தேன். இடப்பக்கம் திரும்பும்போது ஒருமுறைகூட வந்ததில்லை. வலப்பக்கம் மட்டும்தான்.

“உன் வலி பக்கம் பாத்தா வரும்? ரெண்டு பக்கமும்தானே வலிக்குதுன்னு சொல்லுவ. இது ஒரு பக்கம் மட்டும் வருது. அப்ப அது வேற, இது வேற. தலைசுத்தலுக்குக் காதும் காரணமா இருக்கும்பாங்க. காது டாக்டர பாக்கலாம் மாலதி.”

ஏழு வருடமாக என் வலி எங்கெங்கே வரும் என்பதை அவர் மறக்காமல் வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவின் நடைவழியில் வெகுநேரம் காத்திருந்தோம். சுவரில் ஓர் ஓரமாக வெயில் விழுந்திருந்தது. அது நாற்காலி நாற்காலியாக நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாதி வந்து, “பூசிங்கா?” என்று மலாயில் கேட்டார் (தலை சுற்றுகிறதா என்று பொருள்). ஆமாம் என்றேன். அந்தச் சொல் என் நிலைக்குச் சரியாகப் பொருந்தியது போலிருந்தது.

டாக்டர் என் வயதுடைய மலாய்ப் பெண்மணி. நாக்கு குழறியதா, பொருள்கள் இரண்டாகத் தெரிந்தனவா, கை கால் பலவீனமானதா, காது அடைத்ததா என்று கேட்டார். இதில் எதுவும் கூட வந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும் என்றார். படிக்கிறவர்களும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு எதுவும் இல்லை. கட்டிலில் உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். தலை கட்டிலின் விளிம்புக்குக் கீழே தொங்கியது.

சுற்றியது. வீட்டில் சுற்றியதைவிட வேகமாகச் சுற்றியது. கண்ணை மூடப் போனேன். மூடாதீர்கள் புவான் (அம்மா), என்னையே பாருங்கள் என்றார். அவர் முகம் ஓடிக்கொண்டே இருந்தது. அதைப் பிடிக்கப் பிடிக்க நழுவியது. என் கைக்கு ஏதோ ஒரு விரல் அகப்பட்டது; சேகருடையது. அவரைக் கொஞ்சம் கிட்டே வந்து பார்க்கச் சொன்னார் டாக்டர்.

என் கண்மணிகள் துடித்துக்கொண்டிருந்தன. நிஸ்டாக்மஸ் (கண்மணிகள் தம் போக்கில் இழுபட்டு இழுபட்டுத் திரும்புவது) என்று அதற்குப் பெயர். தினமும் மற்றவர்களின் கண்களைக் கிட்டே வைத்துப் பார்த்து அளக்கிற எனக்கு, என் கண்கள் காலை தோறும் இமைகளுக்குள் அப்படி ஆடியது தெரியவே இல்லை.

இதன் பெயர் பி.பி.பி.வி. (தலையின் நிலை மாறும்போது மட்டும் வரும், உயிருக்கு ஆபத்தில்லாத தலைசுற்றல்). உள்காதில் சமநிலையைக் காக்கும் இடத்தில் மிக நுண்ணிய சுண்ணத் துகள்கள் உண்டு. அவற்றில் சில இடம் பெயர்ந்து, திரவம் நிரம்பிய வளைகுழாய் ஒன்றுக்குள் போய்விட்டன. நான் தலையைத் திருப்பும்போது அவை உருள்கின்றன. நான் நின்ற பிறகும் திரவத்தை அவை அசைத்துக்கொண்டிருப்பதால் காது இன்னும் சுற்றுவதாக மூளைக்குச் சொல்கிறது. அவ்வளவுதான்.

பிறகு அந்தத் துகள்களை வந்த வழியே திருப்பி அனுப்பினார். மருந்து இல்லை, ஊசி இல்லை. என் தலையைத் தம் இரு கைகளில் ஏந்தி, வலமிருந்து மெதுவாக இடப்பக்கம் திருப்பினார். நிறுத்தினார். உடம்போடு புரட்டி, முகம் தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டார். தரையின் சாம்பல் நிற ஓடுகளில் ஒரு சிறு விரிசல் தெரிந்தது. அது ஓடாமல் ஓரிடத்தில் இருந்தது. பின்பு தூக்கி உட்காரவைத்தார். மறுபடி ஒருமுறை செய்தார். மூன்றாவது தடவை சாய்த்துப் பார்த்தபோது அறை அப்படியே நின்றது.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். இதற்கும் என் வலிநோய்க்கும் தொடர்பு இருக்கிறதா?

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். “தெரியாது என்பதுதான் நேர்மையான பதில்,” என்றார் ஆங்கிலத்தில். “அந்த நோய் உள்ளவர்களுக்குத் தலைசுற்றல் வருவது உண்டு. ஆனால் எந்த நோயும் இல்லாதவர்களுக்கும் இது வருகிறது. தொடர்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இதற்கு மருத்துவம் இருக்கிறது. அது போதாதா?”

போதும் என்று தலையாட்டினேன். அழுகை வந்தது. தாதி டிஷ்யூ நீட்டினார். குணமான மகிழ்ச்சி என்று நினைத்திருப்பார். என் உடம்பில் ஒரு கோளாறு சில நிமிடங்களில் சரியாகிவிட்டது. அப்படியும் ஆக முடியுமா? அப்படியானால் தோளிலும் இடுப்பிலும் இத்தனை வருடமாக இருப்பதை ஏன் எந்தக் கையும் திருப்பி வைக்கவில்லை? கட்டிலை விட்டு இறங்கும்போது அந்த வலி அங்கேயே இருந்தது. அதை நினைத்து எனக்கு அவ்வளவு துக்கம் வந்தது அன்றுதான்.

வாகன நிறுத்துமிடத்தில் சேகர் காரைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார். “கண்ணு அப்படியே அடிச்சுக்கிச்சு,” என்றார். “இத்தனை வருஷமா நீ சொல்றத கேட்டேன். இன்னிக்குத்தான் பாத்தேன்.”

அது என்னைக் குத்தியது. “அப்ப இத்தனை வருஷமும் நம்பலையா?”

ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். “நம்பினேன். ஆனா புரியல. புரியாம நம்பிக்கிட்டே இருக்கறது கஷ்டமா இருந்துச்சு மாலதி.”

அவர் சொன்னது உண்மை. எனக்கே என் வலி புரிந்ததில்லை. நானும் புரியாமல்தான் அதை நம்பிக்கொண்டிருந்தேன். அவர் கையின் மேல் கை வைத்தேன். காப்புக் காய்த்த கை. பிறகு அவர் காரைக் கிளப்பினார்.

சில வாரங்கள் இலேசான மிதப்பு இருந்தது, போகப்போகக் குறைந்தது. வாதநோய் மருத்துவர் மாத்திரையின் அளவைப் பழையபடி ஆக்கினார். இனி புதிதாக எது வந்தாலும் முதலில் அதைப் புதிது என்றே நினைத்து வந்து சொல்லுங்கள், பழையதோடு சேர்ப்பதா வேண்டாமா என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். இதைவிட உருப்படியான ஒரு வார்த்தையை நான் உங்களுக்குச் சொல்லிவிட முடியாது. குழுவிலும் எழுதினேன். செராஸில் இருக்கும் ஒருவர் காது டாக்டரிடம் போனார். அவருக்கு அது இல்லை, ரத்தம் குறைவாக இருந்ததாம். மருந்து சாப்பிடுகிறார்.

எனக்குத் தலைசுற்றல் பல மாதம் கழித்து ஒருமுறை திரும்பி வந்தது. திரும்பவும் போய்ச் சரிசெய்துகொண்டேன். வலி போகவில்லை. மழைக்காலத்தில் அதிகமாகிறது, சில நாள் இருக்கிறதா என்று தேடும் அளவுக்குக் குறைகிறது. முன்பெல்லாம் என் உடம்பு எனக்கு ஒரே இருட்டறை. உள்ளே என்ன சத்தம் கேட்டாலும் ஒரே பெயரைச் சொல்லிக் கதவைச் சாத்திவிடுவேன். இப்போது பல அறைகள் இருப்பது தெரிகிறது. சிலவற்றில் விளக்குப் போட முடியும். சிலவற்றில் முடியாது, அங்கேயும் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க முடிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை கடலோரத்தில் இருக்கும் தஞ்சோங் ஹரப்பானுக்குப் போயிருந்தோம். கடல்நீர் வற்றி உள்வாங்கியிருந்தது. சேற்றில் ஒரு சிறு மீன்படகு சாய்ந்து கிடந்தது. கரையோரச் சுவரின் மேல் உட்கார்ந்து சூடான கச்சான் (வேர்க்கடலை) தின்றுகொண்டிருந்தோம். என் இடது சுண்டுவிரல் சில நாளாக மரத்துப்போகிறது என்று சொன்னேன். முன்பு என்றால் அந்த விரலிலிருந்து புறப்பட்டு என் வாழ்க்கையின் கடைசி நாள் வரை ஒரே மூச்சில் ஓடிப்போயிருப்பேன். அல்லது, அதுதான், வேறென்ன என்று விட்டிருப்பேன். இந்த முறை இரண்டும் நடக்கவில்லை. விரல் மரத்திருந்தது, அவ்வளவுதான் அப்போதைக்குத் தெரியும். திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போன் செய்யலாம் என்றார் சேகர். சரி என்றேன்.

அவர் அந்த விரலை எடுத்துத் தம் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு ஏதோ பழைய கப்பலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். வெயில் சாய்ந்தது. எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியவில்லை. மறுபடி நான் பார்த்தபோது படகு நிமிர்ந்து மிதந்துகொண்டிருந்தது. தண்ணீர் எப்போது ஏறியது என்பதை இருவருமே பார்க்கவில்லை.